பழைய மோட்டாருக்குப் பெரிய இம்பெல்லர் போடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எடுத்துக்கிட்டது எங்க சித்தப்பா கேட்ட கேள்வி. கீரப்பாளையம் பக்கத்துல அவருக்கு ஒரு ஃபில்டர் பாயிண்ட் போர் இருக்கு. அதுல 5 ஹெச்.பி. மோனோபிளாக். வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ரெண்டு சீசனாவே தண்ணி குறைஞ்சுக்கிட்டு வருது. மெக்கானிக் வந்து பாத்துட்டு, "ஒரு சைஸ் பெரிய இம்பெல்லரா மாத்திடலாம், தண்ணி பிச்சுக்கிட்டு வரும்"னு சொல்லியிருக்கார். சித்தப்பா எனக்கு போன் பண்ணி, "ஏம்ப்பா, நீ இன்ஜினியர்தானே, போடலாமா வேணாமா, ஒண்ணு சொல்லு"ன்னார்.

விளையாட்டுக் கேள்வி இல்ல இது. நம்ம பக்கம் காவிரிப் பாசனத்தோட கடைமடை. வாய்க்கால்ல முறை தள்ளிப்போச்சுன்னா சம்பா நாத்தைக் காப்பாத்தறது போர்தான். அந்த நேரத்துல மோட்டார் புகைஞ்சா, காயில் கட்டி வர்ற வரைக்கும் வயல் காத்திருக்காது.

விவசாயத்துக்குக் கரண்ட் பில் கிடையாதுங்கறதால யூனிட் கணக்கை யாரும் பாக்கறதில்ல. மூணு ஃபேஸ் வர்ற நேரம்தான் கணக்கு. அந்த நேரத்துக்குள்ள எவ்வளவு தண்ணி இறைக்குதுங்கறதுதான் கேள்வி. அதனால 'பெருசாப் போடு'ங்கற யோசனை உடனே பிடிச்சுப் போயிடும்.

பழைய ஜெட் போட் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே கேள்வி வரும். ஜெட் போட்னா வேற ஒண்ணும் இல்ல, படகுக்குள்ள ஒரு பம்ப். அடியில தண்ணியை உறிஞ்சி, பின்னாடி வேகமாப் பீய்ச்சி அடிக்கும். படகு முன்னாடி போகும். வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற ப்ரொப்பெல்லர் கிடையாது. நியூசிலாந்துல பில் ஹாமில்டன்னு ஒருத்தர் 1950-கள்ல, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஆத்துல போறதுக்காக இதை வளர்த்தெடுத்தார். 1977-ல எட்மண்ட் ஹிலாரி, அதான் எவரெஸ்ட் ஏறினவர், மூணு ஹாமில்டன் ஜெட் போட்டோட கங்கை கடல்ல கலக்கிற இடத்துலேர்ந்து எதிர்நீச்சல் போட்டு இமயமலை வரைக்கும் போனார். நந்தப்பிரயாகை பக்கத்துல ஒரு அருவி குறுக்க வந்துதான் படகை நிறுத்துச்சு.

அந்த மாதிரிப் படகுக்கும் சித்தப்பா மோட்டாருக்கும் பொதுவான எதிரி மணல். இம்பெல்லரோட வாய்ப்பகுதியைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும், வியர் ரிங்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவுல புதுசுல மயிரிழை இடைவெளிதான். மணல் கலந்த தண்ணி வருஷக்கணக்கா ஓடினா அந்த இடைவெளி தேஞ்சு அகலமாயிடும். இம்பெல்லர் தள்ளின தண்ணியில ஒரு பங்கு அந்தச் சந்து வழியா திரும்பி உறிஞ்சற பக்கமே வந்துடும். மோட்டார் உழைக்கும், வயலுக்கு வராது.

சரி, பெருசாப் போட்டா என்ன ஆகும்? பம்புக்கு ஒரு விதி இருக்கு. வேகம் அதே இருக்க, இம்பெல்லர் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினா தண்ணி சுமார் 10 சதவீதம் கூடும். தண்ணியைத் தூக்கற உயரம் 21 சதவீதம். ஆனா கேக்கிற பவர் 33 சதவீதம் கூடும். 1.1-ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க, 1.331 வரும். ஏற்கெனவே முழு லோடுல ஓடற 5 ஹெச்.பி. மோட்டார்கிட்ட 6.65 ஹெச்.பி. கேக்கறோம்னு அர்த்தம்.

இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வித்தியாசம் இருக்கு. ஜெட் போட்ல இன்ஜினுக்கு மீறின இம்பெல்லர் போட்டா ஆர்.பி.எம். இறங்கிடும், ஓட்டறவருக்கு உடனே தெரியும். டீசல் இன்ஜின் பம்ப்லயும் அப்படித்தான், திணறும், கரும்புகை தள்ளும். மூணு ஃபேஸ் மோட்டார் அப்படி இல்ல. அதோட வேகத்தை 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பிடிச்சு வெச்சிருக்கு, நிமிஷத்துக்கு 2,900 சுத்துக்குப் பக்கத்துலயே நிக்கும். கூடுதல் பவரை ஆம்பியரா இழுத்துக்கிட்டு சத்தமில்லாம சூடாகும். தண்ணி நல்லா வருதேன்னு நாம சந்தோஷப்படற அதே நேரத்துல உள்ள காயில் வெந்துக்கிட்டிருக்கும். வோல்டேஜ் குறைஞ்ச நாள்ல இன்னும் மோசம்.

சாஃப்ட்வேர்ல ஒரு ப்ரோக்ராம் மெதுவா ஓடினா, நேரம் எங்க போகுதுன்னு அளக்காம பெரிய சர்வர் வாங்க மாட்டோம் (வாங்கற ஆளுங்களும் இருக்காங்க, அது வேற எபிசோட்). பம்புக்கும் அதேதான். தண்ணி இம்பெல்லருக்கு வந்து சேரலையா, இல்ல வந்த தண்ணியை இம்பெல்லர் தள்ளலையா? இது தெரியாம எதையும் மாத்தக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க உறிஞ்சற பைப்புல ஒரு வேக்குவம் கேஜ், வெளிய தள்ளற பைப்புல ஒரு பிரஷர் கேஜ், தண்ணி பிடிக்க 200 லிட்டர் டிரம் ஒண்ணு போதும். போன தடவை ஊருக்குப் போனப்ப வாங்கிட்டுப் போய் மாட்டினோம்.

மோட்டார் ஓடும்போது வேக்குவம் 430 மில்லிமீட்டர். டெலிவரி வால்வை அரை நிமிஷம் முழுசா மூடினதும் அது 370-க்கு இறங்குச்சு. மூடியிருக்கும்போது தண்ணி ஓட்டமே இல்ல. அதனால 370-ங்கறது வெறும் ஆழம், சுமார் 5 மீட்டர். ஓடும்போது கூடற 60, அதாவது 0.8 மீட்டர், ஃபில்டர்லயும் பைப்லயும் ஆகிற இழப்பு. அது கம்மிதான், ஃபில்டர் அடைக்கல. இதுவே ஓடும்போது 550, 600-னு காட்டியிருந்தா கதை வேற. காத்தழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தண்ணியைத் தூக்கும், நடைமுறையில 7 தாண்டினாலே கஷ்டம். அந்த நிலைமையில பெரிய இம்பெல்லர் போட்டா இல்லாத தண்ணியை உறிஞ்சப் பாக்கும். உள்ள குமிழி குமிழியா வெடிச்சு, ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தத்தோட இம்பெல்லரையே தின்னும்.

அடுத்து பிரஷர். வால்வை மூடினப்ப 1.1 கிலோ, அதாவது 11 மீட்டர். கூட அந்த ஆழம் 5 மீட்டரைச் சேத்தா 16. கம்பெனி கொடுத்த வரைபடத்துல அந்த மாடலுக்கு 20 இருக்கணும். டிரம் நிறைய 20 செகண்ட் ஆச்சு, செகண்டுக்கு 10 லிட்டர். பிளேட்டுல போட்டிருக்கிறது 14. தண்ணி வந்து சேருது, இம்பெல்லர்தான் தள்ளல. அதாவது தேய்மானம்.

பிரிச்சுப் பாத்தா, வளையத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவுல விரல் நகம் தாராளமா நுழையுது. இறக்கையோட ஓரமும் மழுங்கியிருந்துச்சு. அதே சைஸ் புது இம்பெல்லர், புது வளையம், புது கிளாண்ட் கயிறு. மாட்டினதும் டிரம் 15 செகண்ட்ல நிறைஞ்சுது, செகண்டுக்கு 13 லிட்டருக்கு மேல. ஆம்பியர் பிளேட்டுல இருக்கிற அளவைத் தாண்டல. அப்ப பெரிய சைஸ் கேட்டதே, கெட்டுப்போன பழசோட ஒப்பிட்டுத்தான்.

மெக்கானிக் சொன்னதுல ஒண்ணு சரி. கன்மெட்டல். வார்ப்பிரும்பு மாதிரி துரு ஏறாது, கடலோரமா உப்புத் தண்ணி ஏறின போருக்கு நல்ல தேர்வு. சித்தப்பா அதையே போட்டுக்கிட்டார். ஆனா மணலை அதுவும் ரொம்ப நாள் தாங்காது. போர்ல மணல் வந்துக்கிட்டே இருந்தா நாலஞ்சு வருஷத்துல திரும்பவும் இதே டிரம்மைத் தூக்கணும்.

பெரிய இம்பெல்லர் எப்பவுமே தப்புன்னு சொல்லல. மோட்டாரையும் சேத்துப் பெருசாக்கறீங்க, போர்ல ஊத்து தாங்குது, கேசிங்குல இடம் இருக்கு, கூடுதல் ஹெச்.பி.க்கு மின்வாரியத்துல அனுமதி வாங்கியாச்சுன்னா போடலாம். படகுலயும் அதே கதைதான், இன்ஜினை மாத்தினவங்களுக்குத்தான் வேற இம்பெல்லர் தேவைப்படும்.

கேஜ் மாட்டிப் பாக்கறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. வால்வை அரை நிமிஷத்துக்கு மேல மூடி வெக்காதீங்க, உள்ள இருக்கிற தண்ணி சூடாகி சீல் போயிடும். வேக்குவம் முள் நிலையா நிக்காம ஆடினா எங்கேயோ காத்து இழுக்குது. முதல்ல ஜாயின்ட்டையும் கிளாண்டையும் பாருங்க, இம்பெல்லர் பக்கமே அப்புறம் போகலாம். சப்மெர்சிபிள் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதை அடுத்த எபிசோட்ல பாப்போம்.