குருதி எடுப்போர் தொண்டு

நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தவன் அதியமான். அவன் ஆண்ட தகடூர் இன்று தருமபுரி என வழங்குகிறது. சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த இந்நிலப்பகுதி 1965ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. 2008ஆம் ஆண்டு அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பெண்ணாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய ஊர்ப்புறங்களிலிருந்தும், மலைமேல் அமைந்த சிற்றூர்களிலிருந்தும் மக்கள் நோய் தீர்க்க வேண்டித் தருமபுரி நகரை நாடி வருகின்றனர்.

நோயினின்று மீண்டவர் மருத்துவரை வாழ்த்துவர். இரவும் பகலும் உடனிருந்து பேணிய செவிலியரையும் மறவார். ஆயினும், மருத்துவர் மருந்து எழுதுமுன் ஊசியும் குழாயும் ஏந்தி வந்து, சிறிதளவு குருதி எடுத்துச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் முகம் எவர் நினைவிலும் நிற்பதில்லை. மேலை நாடுகளில் இப்பணிக்கென்றே தனிப் பயிற்சி பெற்றோர் உள்ளனர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆய்வக நுட்புநரும், சிலவிடங்களில் செவிலியரும் இதனைச் செய்கின்றனர். காண்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணியில் எத்துணை அறிவும் எத்துணைப் பொறுப்பும் அடங்கியுள்ளன என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி ஓடுகிறது. சோதனைக்கென எடுக்கப்படுவது பெரும்பாலும் ஐந்து மில்லி லிட்டர் முதல் பத்து மில்லி லிட்டர் வரையே. ஐந்து மில்லி லிட்டர் என்பது மொத்தக் குருதியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. “குருதி எடுத்தால் உடம்பின் வலுவெல்லாம் போய்விடும்” என்று அஞ்சுவோர் சிற்றூர்களில் இன்றும் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை, இழந்த அச்சிறு அளவை உடம்பு தானே ஈடு செய்துகொள்ளும். ஆனால் பச்சிளங் குழந்தையின் செய்தி வேறு. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் உள்ள குருதி கால் லிட்டர் அளவே. ஆதலின் குழந்தைக்கு இயன்றவரை குதிகாலில் சிறிது குத்திச் சில துளிகளே எடுப்பர். எடுத்த அளவையும் கணக்கில் வைப்பர்.

குருதி எடுப்போர் நாடுவது இதயத்தினின்று பாய்ந்தோடும் தமனியை அன்று. இதயத்திற்குத் திரும்பும் சிரையையே. முழங்கையின் உட்புறத்து மடிப்பில் தோலை ஒட்டி ஓடும் சிரை இதற்கு மிகவும் ஏற்றது. மேற்கையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டினால், திரும்பும் குருதி தேங்கிச் சிரை புடைத்துத் தோன்றும். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்னும் பேருண்மையை 1628ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, இவ்வாறு கட்டிய கையில் சிரைகள் புடைப்பதேயாகும். அன்று உலகை வியக்கவைத்த அச்செயல், இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் காலைதோறும் நிகழ்கிறது.

பட்டையை ஒரு நிமிடத்திற்கு மேல் இறுக்கி வைத்தல் ஆகாது. வைத்தால் குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, எஞ்சியது செறிவடையும். சோதனையில் வரும் அளவுகள் மாறும். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சினால் துடைத்து, அது தானே உலரும்வரை பொறுத்தல் வேண்டும். ஈரம் உலருமுன் குத்தினால் எரிச்சல் மிகும். கிருமிகள் முற்றும் அழிவதுமில்லை. அவ்விடத்தை வாயால் ஊதியோ கையால் விசிறியோ உலர்த்துதலும் தவறு. எடுத்த குருதியை ஊசி வழியே குழாயினுள் வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளிப்பட்டு, நலமாக இருப்பவரையும் நோயாளராகக் காட்டும். ஆகவே பொறுமை இப்பணியின் முதல் இலக்கணம் எனலாம்.

குருதி சேர்க்கும் குழாய்களின் மூடிகள் பல நிறத்தன. அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. வெளிர் நீல மூடியுடைய குழாயில் சிட்ரேட் உப்புக் கரைசல் உண்டு. குருதி உறையும் திறனை அறிய அது பயன்படும். அதில் ஒன்பது பங்கு குருதிக்கு ஒரு பங்கு கரைசல் என்னும் அளவு பிழையாதிருத்தல் வேண்டும். சிவப்பு மூடியுள்ள குழாயில் குருதி உறைந்து தெளிநீர் பிரியும். ஊதா மூடியுள்ள குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருள் உண்டு. அணுக்களை எண்ணவும் ஹீமோகுளோபின் அளவை அறியவும் அது உதவும். இவ்வுப்பு பொட்டாசியம் கலந்தது. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. ஊதாக் குழாயை முதலில் நிரப்பிய பின் சிவப்புக் குழாயை நிரப்பினால், முன்னதன் உப்பு சிறிது பின்னதில் கலந்துவிடக் கூடும். அப்போது பொட்டாசியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் காட்டும். அதனை மெய்யென நம்பி மருந்து கொடுத்தால் விளைவது என்ன? எனவேதான் முதலில் நீலம், அடுத்துச் சிவப்பு, பின்னர் ஊதா, இறுதியில் சாம்பல் என நிரப்பும் வரிசையை வகுத்துள்ளனர்.

சாம்பல் மூடியுள்ள குழாய் சருக்கரையின் அளவை அறிதற்குரியது. உடம்பினின்று வெளியே வந்த பின்னும் குருதியணுக்கள் உயிரோடிருந்து சருக்கரையை உண்டுகொண்டே இருக்கும். வெறுங்குழாயில் வைத்த குருதியில் சருக்கரை மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும். அதனைத் தடுக்கவே சாம்பல் குழாயில் புளோரைடு உப்பு சேர்க்கப்படுகிறது. இங்கே ஒரு வியப்பு உண்டு. தருமபுரி மாவட்டத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் பாறையினின்று கரையும் புளோரைடு பலவிடங்களில் மிகுந்துள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மிகுதல் ஆகாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வரையறை. மிகுந்த நீரைப் பல்லாண்டு பருகியோரின் பற்கள் கறை படிந்தன. எலும்புகளும் மூட்டுகளும் இறுகின. அத்துன்பத்தைப் போக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. கிணற்று நீரில் கேடு செய்யும் பொருளே, அளவறிந்து குழாயில் இடப்பட்டபோது நோயறியும் துணையாகிறது. எப்பொருளும் அளவாலும் இடத்தாலும் நன்றாகவோ தீதாகவோ மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வளவும் செய்து, குழாயின்மேல் பெயரைத் தவறாக எழுதினால் எல்லாம் பாழாகும். ஒரே கூடத்தில் இரண்டு முருகன்களும் மூன்று இலட்சுமிகளும் படுத்திருத்தல் தமிழ்நாட்டில் அரிதன்று. “நீங்கள் முருகன்தானே?” என்று கேட்டால், காது மந்தமான முதியவர் தலையசைத்து விடுவார், காய்ச்சல் மயக்கத்தில் உள்ளவரும் ஆமென்பார். ஆகையால், “ஐயா, உங்கள் பெயர் என்ன? தந்தையார் பெயர் என்ன?” என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்து, மருத்துவமனைச் சீட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தல் முறை. குருதி எடுத்தவுடன், படுக்கையை விட்டு அகலுமுன்னரே குழாயில் பெயரும் எண்ணும் நேரமும் குறித்தல் வேண்டும். வேலை மிகுதி என்று முன்கூட்டியே பல குழாய்களில் பெயர் எழுதி வைத்தலும், எல்லாவற்றையும் எடுத்து வந்து பின்னர் எழுதுதலும் பெருந்தீங்கிற்கு வழிவகுக்கும்.

அத்தீங்கு எத்தகையது? மக்கள் குருதி யாவும் ஒரே வகையினது அன்று என்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் 1901ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்காக 1930ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார். பொருந்தா வகைக் குருதியை ஒருவர்க்குச் செலுத்தினால், உடம்பு அதனை ஏற்காது. செலுத்திய அணுக்கள் உடைந்து, சிறுநீரகம் செயலிழந்து, உயிரும் போகக் கூடும். பேறுகாலத்தில் குருதி பெருகி வாடும் தாய்க்கு மாற்றுக் குருதி வேண்டும்போது, அவள் வகையை அறிய அனுப்பிய குழாயில் பக்கத்துப் படுக்கைக்காரியின் பெயர் இருந்தால், சோதனைக் கருவி எவ்வளவு நுட்பமாயினும் அப்பிழையைக் கண்டுபிடிக்க இயலாது. கருவி அறிவது குருதியை மட்டுமே. அக்குருதி எவருடையது என்பதற்கு அதனை எடுத்தவரின் நேர்மையே சான்று.

மலைப்பகுதிகளில் இப்பணி மேலும் கடினமாகிறது. அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். 1993ஆம் ஆண்டு மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் அங்கே குடியேறி, சிறு குடிசையொன்றில் மருத்துவத் தொண்டைத் தொடங்கினர். பின்னர் அது மருத்துவமனையாக வளர்ந்தது. அவ்வூர்ப் பெண்களையே தேர்ந்து நலப்பணிகளுக்குப் பயிற்றுவித்தமை அவர்தம் தொண்டின் சிறப்பு. நோயுற்றவரின் மொழியும் அச்சமும் அறிந்த ஒருவர் அருகில் நின்றால், ஊசியைக் கண்டு நடுங்கும் கையும் தானே நீளும்.

மலையிலிருந்து குருதியைத் தொலைவிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்பும்போதும் விழிப்பு வேண்டும். எடுத்த இரண்டு மணி நேரத்திற்குள் தெளிநீரை அணுக்களினின்று பிரித்தல் நலம். பிரிக்காமல் நெடுநேரம் வைத்தாலும், பிரிக்குமுன் பனிக்கட்டியில் வைத்தாலும், அணுக்களினின்று பொட்டாசியம் கசியும். கரடுமுரடான பாதையில் குழாய்கள் குலுங்கினால் அணுக்கள் உடையும்.

குருதி எடுப்போர்க்கும் இடர் உண்டு. நோயாளர்க்குக் குத்திய ஊசி தவறித் தம் கையில் பட்டால் மஞ்சட்காமாலைக் கிருமியோ எய்ட்ஸ் நோய்க் கிருமியோ தொற்றக் கூடும். ஆதலின் அவர் கையுறை அணிவர். ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி முன்னரே போட்டுக்கொள்வர். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிட முயலார். 2016ஆம் ஆண்டு வெளியான மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அத்தகைய ஊசிகளைத் துளைக்க இயலாத வெண்ணிறக் கொள்கலத்தில் இடுதல் வேண்டும். அவ்விதியைப் பேணாது ஊசியைக் குப்பையில் எறிந்தால், குப்பை அள்ளும் எளிய தொழிலாளியின் கையை அது குத்தும்.

மருத்துவர் தெளியும் முடிவுகள் பல, ஆய்வகம் தரும் எண்களைச் சார்ந்தவை. அவ்வெண்களோ குழாயிலுள்ள குருதியைச் சார்ந்தவை. பட்டையை உரிய நேரத்தில் தளர்த்தினாரா, வரிசை மாறாது நிரப்பினாரா, பெயரைக் கேட்டு எழுதினாரா என்பதைப் பின்னர் எவரும் காண இயலாது. எவரும் காணாவிடத்தும் முறை பிறழாது தொழில் செய்வோரை நம்பியே நோயாளர் தம் கையை நீட்டுகின்றனர். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையோராய் நடத்தலே இத்தொண்டின் பெருமை.