‘ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்றார்!’

காலையில் தோசை படம், சாயங்காலம் பிள்ளையின் மார்க், ராத்திரி பதினொரு மணிக்கு, ‘ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்றார்ப்பா...’ நேரில் பார்த்தே இராத வாட்ஸ்அப் தோழிகளிடம் இதெல்லாம் வரிசையாக வந்து விழும். சொந்தக்காரர்களிடம் சொல்லத்தான் கூச்சம்.

ஆறுதல் சொல்லப் பலர் உண்டு. ‘அக்ரிமென்ட் போட்டிருக்கியா?’ என்று கேட்கும் தோழி கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதோ, கரன்ட்டைத் துண்டிப்பதோ கூடாது. மீறினால் அந்த அதிகாரியிடமே புகார் செய்யலாம்.

‘மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது’ என்ற ஃபார்வர்டு மட்டும் பாதி உண்மை. அதிகத் தொகைக்குச் சம்மதித்து ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்தத் தொகையே செல்லும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதனால், கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவரம் தெரிந்த தோழிக்கு அனுப்பிவிடுங்கள். ஆதார் எண்ணை மறைத்துவிட்டுத்தான்!