கியூபாவில் ஒரு ஆபீஸ் கோளாறு

'அமெரிக்கா நினைக்கிறது', 'ரஷ்யா முடிவு செய்தது' என்றெல்லாம் பேப்பரில் படிக்கிறோமே... ஒரு நாடு எப்படி சார் நினைக்கும்? அதற்கென்ன மூளையா இருக்கிறது?

இதை வைத்தே ஹார்வர்டு பேராசிரியர் கிரஹாம் அலிசன் 1971-ல் ஒரு புத்தகம் எழுதினார். எடுத்துக்கொண்ட கேஸ், 1962 அக்டோபரில் உலகத்தையே 13 நாள் நடுங்க வைத்த கியூபா நெருக்கடி.

சோவியத் யூனியன் பரம ரகசியமாகக் கப்பலில் ஏவுகணைகளைக் கொண்டுபோய் கியூபாவில் இறக்கியது. இறக்கியவர்கள் மூடி மறைக்க வேண்டாமோ? சொந்த ஊரில் எப்படிக் கட்டுவார்களோ, அதே டிசைனில் அச்சுப் பிசகாமல் கட்டினார்கள். அக்டோபர் 14-ல் அமெரிக்காவின் யு-2 விமானம் மேலிருந்து படமெடுக்க, குட்டு உடைந்தது!

'நாடு என்பது செஸ் ஆடும் கில்லாடி' என்ற பழைய தியரி இங்கே இடிக்கிறது. அலிசன் சொன்னது: ஒவ்வொரு இலாகாவும் தன் வழக்கமான ரூல்படிதான் நகரும். மேலே மந்திரி, தளபதி, ஆலோசகர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் மிஞ்சுவதுதான் 'நாட்டின் முடிவு'. அசல் நம்ம ஆபீஸ்!

சிரிக்கலாம்தான். ஆனால் அக்டோபர் 27-ல் கியூபா மீது பறந்த இன்னொரு யு-2வை, அங்கிருந்த சோவியத் அதிகாரிகள் மாஸ்கோவைக் கேட்காமலே சுட்டு வீழ்த்தினார்கள். பைலட் பலி. கென்னடியும் குருஷேவும் சமாதானக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது!

அடுத்த முறை 'அந்த நாடு கோபமாக இருக்கிறது' என்று படித்தால், 'எந்த செக்‌ஷன்?' என்று கேளுங்கள்.