ஏழு எரர் கோட், ஒரே எர்த்

பன்னிரண்டு வயதான கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் செக் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் மூன்று விளக்கும் அணையாமல் நிற்கின்றன. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் ஏழு எரர் கோட் வருகின்றன. கூலன்ட் சென்சார், த்ராட்டில் சென்சார், காற்றளவு சென்சார், முன்சக்கர வேக சென்சார் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றையும் மாற்றினால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தவர்களுக்குக் காரையே விற்றுவிடலாம் என்றுதான் தோன்றும். நாகூர், அக்கரைப்பேட்டை, வேளாங்கண்ணி என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்கள் அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஏழு சென்சார் ஒரே வாரத்தில் சாவது மிக அரிது.

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைசியாக வந்து சேர்வது நம் வயலுக்குத்தான். ஒரே வாய்க்காலில் பாயும் ஏழு வயல் சேர்ந்தாற்போல் காய்ந்தால், ஏழு வயலிலும் மண்ணைக் கிளற மாட்டோம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தலைப்பு மதகுக்குத்தான் போவோம். காரிலும் அப்படித்தான் தேட வேண்டும்.

முதலில் எரர் கோட் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘கூலன்ட் சென்சார் சர்க்யூட், வோல்டேஜ் அதிகம்’ என்று வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அந்தக் கம்பியில் காரின் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவைத் தாண்டி வோல்டேஜ் தெரிந்தது, அவ்வளவே. காரணம் சென்சாராக இருக்கலாம், கம்பியாக இருக்கலாம், கப்ளராக இருக்கலாம், எர்த்தாகவும் இருக்கலாம். இந்த நாலையும் பிரித்துச் சொல்ல ஸ்கேனரால் முடியாது.

ஆகவே கோட்களை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோட் விழுந்த கணத்தில் வண்டி என்ன வேகம், இன்ஜின் என்ன சூடு என்பதையும் கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்று பலர் செய்கிறார்கள். பல கார்களில் அதோடு இந்தச் சாட்சியமும் அழிந்துபோகும்.

நம் பக்கத்துப் பழைய கார்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கார் தன் கோளாறை ஸ்கேனரிடம் சொல்லும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கிய பிஎஸ் 4 புகை விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான் வந்தது. நாடு முழுக்க வர 2017 ஏப்ரல் ஆயிற்று. அதனால் இங்கே ஓடும் பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சாக்கெட் இருந்தாலும், மலிவான புளூடூத் கருவியோடு அது பேசாது. அந்தக் கம்பெனி வண்டியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

எழுதியாயிற்றா? இனி மதகைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல் பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் கம்ப்யூட்டர்கள் தனித்தனியே தடுமாறி, தனித்தனியே கோட் எழுதிவைக்கும். பட்டியலில் பி 0562 இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் கோட் அது.

அடுத்தது எர்த். நாகப்பட்டினத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். காரின் இரும்பு உடம்பே கரன்ட் திரும்பிப் போகும் பாதை. பேட்டரியின் மைனஸ் கம்பி அங்கங்கே போல்ட் போட்டு உடம்போடும் இன்ஜினோடும் இணைக்கப்பட்டிருக்கும். செம்பு வளையம் இரும்பைத் தொடும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். செம்பில் களிம்பு ஏறும், இரும்பு துருப்பிடிக்கும். களிம்பு அங்கேயே நிற்பதும் இல்லை; ஈரம் கம்பி இழைகளுக்கு நடுவே ஏறி, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே செம்பைத் தின்னும். வெளியே கம்பி புதுசுபோல இருக்கும். படகுகளுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி செய்வது இதனால்தான். காருக்குப் பெரும்பாலும் வெறும் செம்புதான்.

இப்படிக் கெட்ட எர்த் எப்படி ஏழு கோட் எழுத வைக்கிறது? சென்சார்கள் கம்ப்யூட்டரிடம் பேசுவது வோல்டேஜில். பல சென்சார்களுக்குப் பொதுவான எர்த் கம்பியில் களிம்பு ஏறி அரை வோல்ட் அங்கேயே தங்கிவிட்டால், அவை எல்லாம் அரை வோல்ட் வரை கூட்டிச் சொல்லும். கூலன்ட் சென்சார் கூட்டிச் சொன்னால் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும். த்ராட்டில் சென்சார் கூட்டிச் சொன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பதாக நினைக்கும். எல்லாச் சென்சாரும் ஒரே திசையில் பிசகினால், பிசகு சென்சாரில் இல்லை. புது சென்சார் வாங்கி மாட்டினாலும் அதே பொய்யைத்தான் அதுவும் சொல்லும்.

இதைச் சோதிக்க ஓம்ஸ் அளவை நம்பாதீர்கள். கம்பியில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லது என்று காட்டிவிடும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரன்டை அந்த ஓர் இழை தாங்காது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல. மறுமுனை இன்ஜின் உலோகத்தில். ஹெட்லைட், ஏசி ஃபேன் போட்டு வண்டி ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 0.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். செலவு ஒரு தேநீர்க் காசு. அதே சோதனையைக் கார் உடம்பிலும் செய்யுங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் 5 வோல்ட்டைப் பாருங்கள். பல சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரே 5 வோல்ட் கம்பியைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அத்தனையும் சேர்ந்து விழும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

‘தொடர்பு அற்றது’ என்ற வகைக் கோட்கள், யு 0100 போன்றவை, நிறைய வந்தால் கேன் கம்பிகளைப் பார்க்க வேண்டும். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. முறுக்கிய இரண்டே கம்பிகளில் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பேசிக்கொள்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 ஆகிய முனைகளுக்கிடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று உரசுகின்றன.

அறுத்தது யார்? டெல்டாவில் முதல் சந்தேகம் எலிதான். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும், வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட் அதற்குக் கதகதப்பான வீடு. அடுத்த சந்தேகம் வெள்ளம். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டியதும் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அப்படியொரு புயலில் சீட் வரை தண்ணீர் ஏறிய கார், காய்ந்த பிறகு நன்றாகவே ஓடுவதுண்டு. கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களில் களிம்பு மாதக்கணக்கில் ஏறி, பிறகுதான் விளக்கு எரியும். பழைய கார் வாங்குகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் மட்டும் மீட்டர் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு கோட்களை அழித்துவிட்டு, நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். திருவாரூர் வரை ஒரு முறை போய் வாருங்கள். சில சோதனைகளைக் கம்ப்யூட்டர் நீண்ட ஓட்டத்தில்தான் முடிக்கும். அப்புறம் மறுபடி ஸ்கேன் செய்து, முன்பு எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். திரும்பி வந்தது ஒரே ஒரு கோட் என்றால், அந்தச் சென்சாரை அதன் கம்பியோடும் கப்ளரோடும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள்.