எதுவும் ஒட்டாத பம்பர்

கார் பம்பரின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், ஏதோ ஒரு மூலையில் சில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ‘பிபி+இபிடிஎம்-டிடி20’ என்பதுபோல. விரிசலை ஒட்டப் பசை தேடுவதற்கு முன்னால் படிக்க வேண்டியது அதைத்தான். எந்தப் பழுதுபார்ப்பு பலிக்கும், எது பலிக்காது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

‘பிபி’ என்றால் பாலிபுரொப்பிலீன். அரிசி மூட்டைச் சாக்கும் கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியும் இதில்தான் செய்யப்படுகின்றன. ‘இபிடிஎம்’ ஒரு செயற்கை ரப்பர். கடைசியில் உள்ள ‘டிடி20’க்கு, நூற்றுக்கு 20 பங்கு டால்க் கல் தூள் என்று பொருள்; முகத்துக்குப் பூசும் பவுடரில் இருக்கும் அதே டால்க். தூள் விறைப்பைக் கொடுக்கிறது, வெயிலில் பம்பர் நீண்டு நெளியாமல் பார்த்துக்கொள்கிறது. ரப்பர் எதற்கு? பாலிபுரொப்பிலீன் பூஜ்ய டிகிரியை நெருங்கினாலே நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். சென்னைக்கு அந்தக் கவலை ஏன் என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு விந்தை: பிளாஸ்டிக்குக்கு வேகமான அடியும் கடுங்குளிரும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலுமே மூலக்கூறுகளுக்கு நகர்ந்து கொடுக்க அவகாசம் கிடைப்பதில்லை. மைனஸ் 50 டிகிரி வரை இளகி நிற்கும் ரப்பர், மே மாத வெயிலில் ஆட்டோ வந்து இடிக்கும்போதும் அதனால்தான் உதவுகிறது.

இந்தப் பிளாஸ்டிக் கெட்டியாக இருப்பதே ஓர் ஒழுங்கினால்தான். அதன் நீண்ட சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் அணுவில் ஒரு சிறு கிளை தொங்குகிறது. கிளைகள் தாறுமாறாக இருந்தால் கிடைப்பது பிசுபிசுப்பான பசை. எல்லாக் கிளைகளும் ஒரே பக்கம் அமைந்தால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. 1954இல் மிலான் நகரில் வேதியியலாளர் ஜூலியோ நாட்டா இப்படி ஒழுங்குபட்ட பாலிபுரொப்பிலீனை உருவாக்கிக் காட்டினார். 1963இல் கார்ல் சீக்லருடன் சேர்த்து அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை காருக்கு இதை யாரும் பெரிதாக நினைத்திருக்கவில்லை. குரோமியம் பூசிய இரும்பு பம்பர்களின் காலம் அது. 1972இல் வந்த ரெனோ 5 கார்தான், வேறு வகைப் பிளாஸ்டிக்கில் என்றாலும், பிளாஸ்டிக் பம்பருடன் பெருமளவில் விற்பனைக்கு வந்த முன்னோடி.

நாம் பம்பர் என்று சொல்வது உண்மையில் வெறும் உறை. சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன். பலத்த மோதலைத் தாங்குவது அதன் பின்னால் இருக்கும் நுரைக்கட்டையும் உலோகச் சட்டமும். சட்டம் வளைந்திருந்தால் அது வீட்டு வேலையல்ல, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

உறை மட்டும் உள்ளே அமுங்கியிருந்தால் தேவைப்படுவது ஒரு பாத்திரம் வெந்நீர். அமுங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றி, பின்னாலிருந்து துணி சுற்றிய கையால் தள்ளினால் பல சமயம் ‘டொப்’ என்று பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வார்க்கப்பட்ட நாளில் படிகங்களாக உறைந்த பகுதிகள் அசையாமல் நிற்க, அவற்றுக்கு இடையே உள்ள இளகிய பகுதிகள்தான் மடங்கியிருக்கின்றன. சூடு பட்டதும் அவை நிமிர இடம் கிடைக்கிறது. ஹீட் கன்னைவிட வெந்நீர் புத்திசாலித்தனமான கருவி என்பேன். எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. பம்பர் உருகுவதோ 160க்கு மேல். ஹீட் கன்னுக்கு அந்த அடக்கம் கிடையாது.

விரிசல் வேறு கதை. அதன் முதல் வைத்தியம் கேட்பதற்கே விபரீதமாக இருக்கும்: விரிசல் முடியும் இடத்தில் ஒரு துளை போட வேண்டும். உடைந்ததை மேலும் உடைப்பதா? 1913இல் சார்லஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கான கணக்கைப் போட்டார். விரிசலின் நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு இழுவிசை அங்கே குவியும். விளிம்பிலிருந்து தொடங்கும் ஐந்து சென்டிமீட்டர் விரிசல், நுனியின் ஆரம் ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன் அளவு என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சூத்திரப்படி அந்த நுனியில் விசை அறுபது மடங்குக்கு மேல் பெருகுகிறது. அங்கே மூன்று மில்லிமீட்டர் துளை போட்டால் அது பன்னிரண்டு, பதிமூன்று மடங்காகச் சரிந்துவிடும். விமானத் தகடுகளிலும் இதே உத்தியைக் கையாள்கிறார்கள்.

இனி ஒட்ட வேண்டும். சூப்பர் க்ளூவும் எபாக்சியும் இங்கே தோற்றுப்போகும். காரணம், மேற்பரப்பு ஆற்றல், அதாவது ஒரு திரவத்தைத் தன்மேல் இழுத்துப் பரவவிடும் வலிமை. தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் இழுப்பை 72 என்ற அளவால் குறித்தால், பாலிபுரொப்பிலீனின் வலிமை அதே அளவுகோலில் 30தான். அதனால் தண்ணீர் அதன்மேல் பரவாமல் முத்து முத்தாக உருளும். பசையும் அப்படியே விலகி நிற்கும்.

ஆனால் தன்னைப் போன்ற ஒன்றோடு, உருகிய நிலையில், இந்தப் பிளாஸ்டிக் முழுவதுமாகக் கலந்துவிடும். வெல்டிங்கின் இரகசியம் அதுதான். உருகிய பிளாஸ்டிக் ஒரு தட்டு இடியாப்பம். ஒவ்வோர் இழையும் ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் நீளம். சுற்றிலும் மற்ற இழைகள் நெருக்குவதால் எந்த இழையாலும் பக்கவாட்டில் நகர முடியாது. முடிந்தது ஒன்றுதான்: தன் நீளத்தின் வழியே தலையை நீட்டி ஊர்வது. பிரான்சின் பியர்-கில் த ஜென் 1971இல் இந்த ‘ஊர்வு’க் கோட்பாட்டை வகுத்தார், 1991இல் இயற்பியல் நோபல் பெற்றார். விரிசலின் இரு கரைகளும் ஒன்றாக உருகி நிற்கும் அந்தச் சில நொடிகளில், இழைகள் எல்லை தாண்டி ஊர்ந்து எதிர்க்கரையில் சிக்கிக்கொள்கின்றன. ஆறியதும் அங்கேயே படிகமாகின்றன. சரியாகச் செய்தால் இணைப்பு என்று பிரித்துச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

இதற்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. தட்டை முனை வைத்த சால்டரிங் அயர்ன் போதும். பின்பக்கத்திலிருந்து விரிசலின் வழியே ஒரு பள்ளம் கீறி, அதே எழுத்துகள் உள்ள பிளாஸ்டிக் பட்டையை அதில் உருக்கி நிரப்ப வேண்டும். பட்டை காயலான் கடையில் கிடக்கும் பழைய பம்பரிலேயே கிடைக்கும். உருகிய பட்டையைக் குளிர்ந்த பம்பர்மேல் சொட்டவிடுவது பயன் தராது. ஊர்ந்து வர மறுபக்கமும் உருகியிருக்க வேண்டும். புகை கிளம்பினால் சூடு அதிகம் என்று பொருள். நீண்ட இழைகள் துண்டுதுண்டாகி, ஊர்ந்தாலும் சிக்கிப் பிடிக்க நீளமில்லாமல் போகும். சன்னல்களைத் திறந்துவைப்பது உங்கள் நுரையீரலுக்காக. கூடுதல் வலுவுக்குப் பின்பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையை உருக்கிப் புதைக்கலாம். ‘ஹாட் ஸ்டேப்ளர்’ இன்னும் சுவாரசியம்: அலைபோல் வளைந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து அது சிவக்க, வெண்ணெயில் இறங்குவதுபோல் பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும். நெளிவுகள் இருப்பதால் பிறகு இழுத்தாலும் நழுவாது.

முன்பக்கத்தில் டிங்கரிங் கடைகள் தகட்டுக்குப் பார்க்கும் சாதாரணப் பட்டி உதவாது. பம்பர் வளையும், பட்டி வளையாது, பெயர்ந்து விழும். வளையும் தன்மையுள்ள பட்டி தனியாகக் கிடைக்கிறது. உப்புத்தாளால் தேய்க்கும்போதும் நிதானம் வேண்டும். வேகமாகத் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி முடி முடியாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

அப்புறம் பெயிண்ட். ஒட்டாத குணம் மறுபடியும் குறுக்கே நிற்கும். தொழிற்சாலைகளில் நீலச் சுடரை நொடிப்பொழுது காட்டி மேற்பரப்பில் ஆக்சிஜனை ஏற்றுகிறார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு ‘ஒட்டூக்கி’ என்று சொல்லத்தக்க ஒரு திரவம் உண்டு. குளோரின் ஏற்றிய பாலிபுரொப்பிலீன் வகை. அதன் மூலக்கூறின் ஒரு பகுதி பம்பரைத் தன் உறவாக அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது, குளோரின் உள்ள பகுதி பெயிண்டைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவும் கைவந்த பிறகும் தொடக்கூடாத ஓர் இடம் உண்டு. புதிய கார்கள் சிலவற்றில் பின்பம்பரின் மூலைகளுக்குள், பக்கத்தில் வரும் வண்டியைக் கவனிக்க 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒளிந்திருக்கிறது. அதன் அலைநீளம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட பம்பரின் தடிமனேதான். அந்த அலை சிதறாமல் கடக்கும்படி சுவரின் கனத்தைக் கணக்கிட்டு வார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு வெல்டிங் மேடோ, பட்டிப் பூச்சோ, கூடுதலாக ஒரு கோட்டிங் மெட்டாலிக் பெயிண்டோ போதும், ரேடாரின் பார்வை கோணலாகிவிடும். எஃகு வலை அதற்குச் சுவர். அதனால் மூலையில் விரிசல் விட்டிருந்தால், முதலில் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு, புது பம்பருக்கு விலை விசாரிக்கலாம்.