கறுப்பு பிளாஸ்டிக்கில் படிந்த மெழுகுக் கறையைப் போக்குவது எப்படி?

தீபாவளி நெருங்கிவிட்டால் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரத்தில் வாசலுக்கு வாசல் கார் கழுவும் வேலை தொடங்கிவிடும். மெழுகு பூசித் துடைத்ததும் சாயம் பளபளக்கும். ஆனால் பம்பரின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் உள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டுகள் விழுந்துவிடும். தஞ்சோங் மாலிமில் தயாராகும் புரோட்டோன் எக்ஸ்50 போன்ற கார்களில் இந்தக் கறுப்புப் பகுதி அதிகம் என்பதால் கறையும் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் கறை போய்விடும்.

ஏன் படிகிறது?

இந்தப் பகுதிகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சாயம் பூசாத அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக, நுண்ணிய பள்ளங்களோடு இருக்கும். மெழுகு அந்தப் பள்ளங்களில் இறங்குகிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் மெழுகு வெள்ளையாக இறுகிவிடுகிறது. தண்ணீரில் மெழுகு கரையாது. அதனால்தான் எத்தனை முறை கழுவினாலும் கறை அப்படியே நிற்கிறது.

முதலில் ஒரு சோதனை. கறையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது மெழுகு. தூள் வராமல், பிளாஸ்டிக் முழுவதும் ஒரே மாதிரி சாம்பல் பூத்திருந்தால் அது வெயிலில் வெளுத்தது. அதற்கு வைத்தியம் வேறு.

செய்முறை

1. காரை நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தோட்டப் பாதையின் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல் மலைப் பக்கத்துத் தூசியும் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும்.

2. தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி கறையைச் சூடாக்குங்கள். மெழுகு இளகும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியின் சுத்தமான பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள். இல்லையென்றால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசியதாகிவிடும்.

3. மிச்சமிருப்பதற்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். டிரையரை அணைத்த பிறகு, நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பள்ளத்தில் இறங்கியதை எடுக்க மென்மையான பழைய பல் துலக்கி போதும். பக்கத்துச் சாயத்தில் படவிடாதீர்கள். அங்கே பூசிய மெழுகும் போய்விடும்.

4. தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கறை மறைந்ததுபோல் தெரியும். காய்ந்த பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். திட்டு மிஞ்சியிருந்தால் மூன்றாவது படியைத் திரும்பச் செய்யுங்கள்.

எவற்றைத் தொடக்கூடாது?

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஷீட்டைப் பெட்ரோலில் ஊறப்போட்டால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும் என்பது பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். பம்பர் பிளாஸ்டிக்கிலும் செயற்கை ரப்பர் கலப்பதுண்டு; கதவோரப் பட்டைகளோ ரப்பரேதான். இவை அந்த எண்ணெய்களைத் தாங்கா. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பையே தேய்த்துவிடும். அந்த இடம் பிறகு எப்போதும் தனியாக மினுங்கும். வேர்க்கடலை வெண்ணெய் தடவும் வழியும் உண்டு. அதன் எண்ணெய் மெழுகை இளக்கும், ஆனால் பிசுக்கை விட்டுப்போகும்.

அடுத்த முறை மெழுகு பூசுமுன் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உச்சி வெயிலில் பூசாதீர்கள். சூடான காரில் மெழுகு துடைக்குமுன்பே காய்ந்துவிடும். கொஞ்சமாகப் பூசினாலே போதும். தவறிப் பிளாஸ்டிக்கில் பட்டால், காயுமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை ஒருபோதும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.