ராக் குழுவுக்கு இரண்டில் கண்டம்

கேரள ராக் இசைக்கு 2008 நல்ல ஆண்டு. ஒரு குழுவின் முதல் ஆல்பமும் இன்னொரு குழுவின் இரண்டாவது ஆல்பமும் அந்த ஆண்டில் வந்தன. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வீட்டில் மிஞ்சிய காய்களை எல்லாம் தேங்காயும் தயிரும் சேர்த்து வேகவைத்தால் அவியல். திருவனந்தபுரத்தில் 2003-ல் உருவான ஒரு ராக் குழு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. பெயர்ப் பொருத்தம் கச்சிதம். யார் யாரோ சேர்ந்தார்கள், சிலர் விலகினார்கள். தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவரான திருச்சூர் கிடார் கலைஞர் ஜான் பி. வர்க்கி, முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே போய்விட்டார். முதலில் பாடியவரும் நிலைக்கவில்லை.

எஞ்சியவர்களும் புதிதாக வந்தவர்களுமாகக் கரை சேர்ந்தது நால்வர்: பாடகர் டோனி ஜான், கிடாரில் ரெக்ஸ் விஜயன், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிடாரில் நரேஷ் காமத். 2008-ல் வெளியான அவர்களுடைய ஆல்பத்துக்கும் 'அவியல்' என்றுதான் பெயர். எட்டே பாட்டுகள். ஆனால் எட்டும் மலையாளத்தில்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அதுவரை கேரளத்தில் ராக் என்றால் ஆங்கிலம்தான். 1980-களில் கொச்சியில் கொடிகட்டிப் பறந்த '13 ஏ.டி.' குழு ஆங்கிலத்தில் பாடியே நாடு முழுவதும் ரசிகர்களைச் சேர்த்தது. 'கிரவுண்ட் ஜீரோ', 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' என்று இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு கலைந்தும் போனது. ஊரில் பேசும் பாஷையில் ராக் பாடினால் எடுபடாது என்ற நினைப்பை உடைத்தது அவியல்தான்.

எப்படி? மண்ணிலிருந்தே சரக்கை எடுத்தார்கள். ஆல்பத்தின் ஏழாவது பாட்டான 'ஆடு பாம்பே', நாராயண குரு எழுதிய குண்டலினிப் பாட்டு. குரு பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரத்தை ஒட்டிய ஊர். தமிழும் அறிந்த அவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அவர் ஆடச் சொல்லும் பாம்பு நம் பாம்பாட்டிச் சித்தரின் பாம்புக்குச் சொந்தம் என்பது தமிழ்க் காதுக்கு உடனே விளங்கும். சித்தர் மரபும் மின்சார கிடாரும் கைகோத்தபோது கல்லூரி மாணவர்கள் எழுந்து ஆடினார்கள்.

அதே 2008-ல் கொச்சியின் 'மதர்ஜேன்' குழு தன் இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தது. பெயர் 'மக்தூப்'. அரபு மொழியில் 'எழுதப்பட்டது' என்று அர்த்தம். தலையெழுத்து என்றே வைத்துக்கொள்ளலாம். 1996-ல் தொடங்கிய குழு இது. பாட்டுகள் ஆங்கிலம்தான், பாடியவர் சூரஜ் மணி. ஆனால் பைஜு தர்மஜனின் கிடார் பேசியது வேறு பாஷை.

கிடாரில் ஸ்வரங்களுக்கு இடம் கட்டிவைத்திருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நழுவி அசைவதுதான் கமகம். வீணை வித்வான் மெட்டின் மீது தந்தியை இழுத்து அதைக் கொண்டுவருகிறார். பைஜு தந்தியை வளைத்தும் விரலைச் சறுக்கியும் கொண்டுவந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸும் கத்ரி கோபால்நாத்தும் மேற்கத்திய வாத்தியங்களைக் கர்நாடக மேடைக்கு அழைத்து வந்தார்கள் என்றால், பைஜு எதிர்த் திசையில் நடந்தார்: ராகத்தை ராக் மேடைக்குக் கூட்டிப்போனார். முதல் ஆல்பத்தில் திறமையைக் காட்டிய மதர்ஜேன், இரண்டாவதில் தனக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்தது.

எந்தக் குழுவுக்கும் முதல் ஆல்பம் பல வருடச் சேமிப்பு. கல்லூரி நாட்களிலிருந்து சேர்த்துவைத்த மெட்டுகள் அதில் தீர்ந்துவிடும். இரண்டாவதுக்குப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்குள் கல்யாணம், குழந்தை, வாடகை, வேலை எல்லாம் வந்து நிற்கும். அந்தக் கண்டத்தைத் தாண்டியது மதர்ஜேன். ஆனால் தாண்டிய களைப்போ என்னவோ, 2010-ல் பைஜு விலகினார். பிறகு சூரஜ் மணியும் தனி வழி போனார். தலையெழுத்தைத் தலைப்பாக வைத்த ஆல்பத்துக்கு இப்படி ஒரு பின்கதை.

அவியலுக்கோ இரண்டாவது ஆல்பமே கைக்கு எட்டவில்லை. ரசிகர்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்தும் வரவில்லை. குறுந்தகடு வாங்கும் பழக்கம் ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. கல்லூரி விழாக்களோ வருடத்தில் சில மாதங்கள்தான். கேரளத்தில் இசைக் கலைஞனுக்கு மாதாமாதம் சோறு போடுவது சினிமா. 2011-ல் ஆஷிக் அபுவின் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்துக்காகக் குழு போட்ட 'ஆனக்கள்ளன்' பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. ரெக்ஸ் விஜயன் முழுநேர இசையமைப்பாளரானார்: 'சாப்பா குரிசு', 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி', 'பறவ', 'மாயாநதி', 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்று பட்டியல் நீண்டது.

இது தோல்வியா? கணக்கை வேறு மாதிரியும் போடலாம். மலையாளப் படங்களின் பின்னணி இசையில் கிடாரின் கரகரப்பு இயல்பாகிவிட்டது என்றால், அதில் அவியலின் பங்கு உண்டு. ரெக்ஸிடம் பணியாற்றிய சுஷின் ஷியாம் இன்று முன்னணி இசையமைப்பாளர். அவரும் 'தி டவுன் டிராடென்ஸ்' என்ற மெட்டல் குழுவிலிருந்து வந்தவர்தான். குழு தேய்ந்தாலும் ஓசை தேயவில்லை.

ஆனாலும் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. சினிமாப் பாட்டு கதைக்காகப் போடுவது. ஆல்பம், நாலு பேர் ஓர் அறையில் சண்டை போட்டுத் தங்களுக்காகச் செய்வது. விலகிப்போன ஜான் பி. வர்க்கியும் 'கம்மட்டிப்பாடம்' போன்ற படங்களுக்கு இசை தந்தார். 2022 ஆகஸ்டில், 52 வயதில் காலமானார். முதல் அவியலை அடுப்பில் ஏற்றியவர்களில் ஒருவர் அத்துடன் குறைந்தார்.

அவியலின் அந்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் பெயர் 'எட்டாம் பாட்டு'. திருவனந்தபுரத்து ரசிகர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தது ஒன்பதாவதுக்கு.